பதினேழில் பவுனு மனம் மாறுகிறாள்

அனுமந்தன்பட்டி
9.6.2024

அன்புள்ள மதினிக்கு,

ஹேமா எழுதுகிறேன். நானும் அவரும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலியைத் தவிர குறை ஒன்றுமில்லை. மேலே மழை பிடித்துவிட்டதாக ஜீப் ஓட்டும் மாரிசெல்வம் சொன்னார். போன வருஷம் மாதிரி இருமலை வளர்த்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் எஸ்டேட்டில் டவர் கிடைக்காதது ஒரு விதத்தில் நல்லதுதான். போனில் என்றால் நம் பேச்சு "சாப்பிட்டீங்களா" என்பதோடு முடிந்திருக்கும். ஏலக்காய் பறிக்கும் பெண்களை ஏற்றுவதற்கு ஜீப் விடியற்காலையில் எங்கள் ஊரில் நிற்கும்போது கடிதத்தைக் கொடுத்தால் பத்து மணிக்கு அது உங்கள் கையில் இருக்கிறது.

ஒரு செய்தி. மதுரைப் பதிப்பகம் ஒன்றுக்கு என் நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களை அனுப்பியிருந்தேன் அல்லவா? அதன் ஆசிரியர் ஸ்டான்லி என்பவர் பேசினார். மீதிக்கதை எப்படிப் போகும் என்று அத்தியாயவாரியாக ஒரு அவுட்லைன் வேண்டுமாம். பிடித்திருந்தால் டிசம்பருக்குள் எழுதி முடித்துக் கொடுக்கலாம், புத்தகமாகப் போடுவார்கள். இதற்கு முன் இரண்டு நாவல்களைத் தொடங்கி, பாதியில் வழி தெரியாமல் நின்றவள் நான். நாற்பத்து நான்கு வயதில் முதல் தடவையாக ஒருவர் "எப்ப முடிப்பீங்க" என்று கேட்கிறார்.

திட்டத்தைப் போட்டுவிட்டேன். மொத்தம் இருபது அத்தியாயங்கள். பிரதி இத்துடன் இருக்கிறது. தேவாரத்துப் பெண் பவுனு, பள்ளி ஆசிரியை. நான்காம் அத்தியாயத்தில் வேலையை விடுகிறாள். ஏழில் கணவனோடு மனத்தாங்கல். எட்டில் மலையேறி ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறாள். பதினேழில் மாமியார் படுக்கையில் விழுகிறார், மருமகள் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறார். பவுனு மனம் மாறுகிறாள். பதினெட்டில் மலையிறங்குகிறாள். இருபதில் வீட்டில் விளக்கேற்றுகிறாள்.

இது யாருடைய கதையும் அல்ல. பதினோரு வருஷம் பிள்ளைகளின் தாள் திருத்தியவர் நீங்கள், அதனால் பார்த்துச் சொல்லுங்கள்.

அண்ணன் நன்றாக இருக்கிறார். நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும், ஆனாலும் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஹேமா

*

வண்டன்மேட்டுக்கு மேலே
21.6.2024

அன்புள்ள ஹேமாவுக்கு,

நலம். இருமல் இல்லை, அட்டைகள்தான் இருக்கின்றன. உன் வீட்டுக்காரருக்குப் போன மாதம் வந்த முதுகுப் பிடிப்பு விட்டதா? மோட்டார் காயில் கட்டுகிறவர் நாள் முழுவதும் குனிந்தே இருக்கிறார், நாற்காலியை உயர்த்தச் சொல். அத்தையின் மூட்டுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் போதும்.

முதலில் பாராட்டு. ஒரு பதிப்பகத்துக்காரர் கேட்டு எழுதுகிறாய். இங்கே காய் தரம் பிரிக்கும் பெண்களிடம் சொன்னேன், "யாரு, உங்க நாத்தனாரா?" என்று இரண்டு தடவை கேட்டார்கள்.

இப்போது தாள் திருத்துகிறேன். எட்டாம் அத்தியாயத்தில் பவுனு வந்த அன்றே கூடை நிறையக் காய் பறிக்கிறாள். முடியாது. பழுத்ததை விட்டுப் பிஞ்சைப் பறித்துத் திட்டு வாங்குவாள், நான் வாங்கினேன். பன்னிரண்டில் பச்சைக்காயை வெயிலில் காயப்போடுகிறாள். இங்கே வெயிலை யார் பார்த்தார்கள்? ஸ்டோரில் சூடு போட்டுத்தான் காயவைக்கிறோம். என் ராத்திரித் தூக்கமெல்லாம் அந்தச் சூட்டைப் பார்ப்பதிலேயே போகிறது.

பதினேழில் ஒரு சந்தேகம். மாமியார் படுக்கிறார், பவுனு மனம் மாறுகிறாள். எதனால்? அவளுக்கு மாமியார் மேல் பிரியம் இருந்தால் வந்து பார்த்துவிட்டுத் திரும்புவாள். விளக்கேற்றுகிற அளவுக்கு எது அவளை மாற்றுகிறது? பிள்ளைகள் கணக்கில் விடையை எழுதிவிட்டு வழிமுறையை விட்டுவிட்டால் நான் பாதி மதிப்பெண்தான் கொடுப்பேன்.

மற்றபடி திட்டம் நன்றாக இருக்கிறது. பவுனுவின் ஊரைத் தேவாரம் என்று போட்டிருக்கிறாய். கோம்பைக்காரியான எனக்கு அது நல்ல பக்கத்து ஊர்.

அன்புடன்,
மதினி

*

அனுமந்தன்பட்டி
14.7.2024

அன்புள்ள மதினிக்கு,

எல்லோரும் சௌக்கியம். நாற்காலியை உயர்த்தியாயிற்று, முதுகு தேவலை. அங்கே மரம் விழுந்து வழி அடைத்ததாகக் கேள்விப்பட்டேன். உங்கள் பக்கம் ஒன்றும் ஆகவில்லையே?

ஸ்டான்லிக்குத் திட்டம் மிகவும் பிடித்துவிட்டது. விளக்கேற்றும் முடிவைப் படித்துக் கண் கலங்கிவிட்டதாம். ஒன்பது அத்தியாயங்கள் முடித்துவிட்டேன், நம்புவீர்களா? காலையில் மோட்டார் கடைக்குப் போவதற்கு முன் உட்கார்ந்தால் இன்றைக்கு எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. முன்பெல்லாம் எழுதும்போது இருட்டில் சுவரைத் தடவுகிற மாதிரி இருக்கும். இப்போது கம்பத்துக்குப் பஸ் ஏறுகிற மாதிரி, அடுத்த நிறுத்தம் எதுவென்று தெரியும். பிஞ்சு பறித்துத் திட்டு வாங்குவதைச் சேர்த்துவிட்டேன், நன்றாக வந்திருக்கிறது.

திட்டத்தைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து எங்கள் முன்னறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அம்மா அடுத்த தெருவிலிருந்து தினமும் வந்து நாள்காட்டியைப் படிக்கிற மாதிரி அதைப் படித்துவிட்டுப் போகிறார். நேற்று கேட்டார், "அந்த மாமியாருக்கு என்ன சீக்குன்னு போடலையே?" இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். "மூட்டுவலின்னு போட்டுறாத. அதுக்கெல்லாம் எவ எறங்கி வருவா? நெஞ்சுவலின்னு போடு" என்றார். சிரித்துக்கொண்டே நெஞ்சுவலி என்று எழுதிவைத்தேன். அண்ணனும் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் அதன் முன்னால் நின்றார்.

உங்கள் சந்தேகத்துக்கு அந்த இடம் வரும்போது பதில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். திட்டத்தில் ஒரு வரியாக இருப்பது எழுதும்போது பத்துப் பக்கமாக விரிகிறது.

உங்கள்
ஹேமா

*

வண்டன்மேட்டுக்கு மேலே
8.8.2024

ஹேமாவதிக்கு,

நலம்.

செவ்வாய்க்கிழமை உன் அண்ணன் ஜீப்பில் வந்தார். ஒரு பை பன்னீர் திராட்சை கொண்டுவந்தார். ஸ்டோருக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்துப் பால் ஊற்றாத கட்டஞ்சாயா கொடுத்தேன். "அம்மாவுக்கு நெஞ்சுவலி. படுத்த படுக்கையா இருக்காக. ஒம் பேரத்தான் சொல்லிக்கிட்டே இருக்காக" என்றார். எந்த டாக்டர் பார்த்தார் என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. டாக்டர் பெயர் உன் திட்டத்தில் இல்லை.

அவர் போன பிறகு நீ அனுப்பிய தாளையும் போன கடிதத்தையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். மற்றதெல்லாம் வரிக்கு வரி சரியாக இருந்தது.

இனி எனக்கு அத்தியாயங்களை அனுப்ப வேண்டாம்.

க. பாண்டீஸ்வரி

*

அனுமந்தன்பட்டி
9.8.2024

மதினி,

உங்கள் கடிதத்தை ஜீப் பக்கத்திலேயே நின்று படித்தேன். நேராக அம்மா வீட்டுக்குப் போனேன். தலையில் ஈரத்துண்டு, நெற்றி நிறைய விபூதி, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் பாதி கடித்த அதிரசம். என்னைப் பார்த்ததும் அதிரசத்தின் மேல் விசிறியை வைத்து மூடினார்.

நெஞ்சுவலியா என்று கேட்டேன். லேசாக என்றார். நான் விசிறியை எடுத்தேன். அதன் பிறகு அவர் எழுந்து உட்கார்ந்து சொன்னது இது: "நீ எழுதுனா அவ எறங்கி வருவா, நான் படுத்தா வரமாட்டாளா? சொவத்துல எழுதி ஒட்டிட்டு இப்ப என்னையக் கேக்குற."

வாசலில் நின்ற அண்ணனிடம், இது முன்பே தெரியுமா என்று கேட்டேன். அண்ணன் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விட்டார்.

அண்ணனை நான் அனுப்பவில்லை மதினி. உங்கள் கேள்விக்குப் பதில் தெரியாமலே நான் சுவரில் ஒட்டிய தாள் அது. அவர்களுக்கும் பதில் தெரியாது, அதனால்தான் அப்படியே நடித்துப் பார்த்தார்கள். தாளைக் கிழித்து எடுத்துவிட்டேன். பசை ஒட்டிய இடத்தில் சுண்ணாம்பும் சேர்ந்து வந்துவிட்டது.

சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

ஹேமா

*

அனுமந்தன்பட்டி
22.9.2024

அன்புள்ள மதினிக்கு,

ஜீப் தினமும் வருகிறது. மாரிசெல்வம் என்னைப் பார்த்ததும் தூரத்திலேயே கையை விரிக்கிறார். மேலே உள்ள பெண்கள் உங்களுக்குக் காய்ச்சல் வந்து போனதாகச் சொன்னார்கள். இப்போது எப்படி இருக்கிறது? கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இருந்ததா?

பதினாறு வரை எழுதிவிட்டேன். பதினேழு வரவில்லை. பவுனுவை ஜீப்பில் ஏற்றிவிடுகிறேன், இறங்குகிறாள், ஊர் நிறுத்தத்தில் நிற்கிறாள், அதற்கு மேல் ஒரு எட்டு எடுத்து வைக்கமாட்டேன் என்கிறாள். மழையில் நிறுத்தினேன். மாமியாரைச் சாகும் நிலைக்குக் கொண்டுபோனேன். ஒரு பதிப்பில் கணவனுக்கு வண்டி விபத்துகூட வைத்துப் பார்த்தேன். அசையவில்லை. ஸ்டான்லி வாரம் ஒரு முறை போன் செய்கிறார்.

கடைசியில் முதலிலிருந்து திரும்பப் படித்தேன். திட்டத்தை வைத்துக்கொண்டு அல்ல, எழுதியதை மட்டும். நான்காம் அத்தியாயம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன். "பவுனு வேலையை விடுகிறாள்" என்று திட்டத்தில் போட்டதை அப்படியே ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன். வீட்டுப் பொறுப்பு, களைப்பு, என்னென்னவோ காரணம். ஒன்றும் உண்மையாக இல்லை. நம் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம், பாண்டீஸ்வரி வேலையை விட்டுவிட்டாள் என்று. ஊரே அப்படித்தான் சொன்னது.

நான்காம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை கணவன் பள்ளித் தாளாளர் வீட்டுக்குப் போய், இனி அவள் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வருகிறான். அவளிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை அவள் சேலை கட்டி, பையை மாட்டி, செருப்பைத் தேடும்போது பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்கிறான்: "நீ இனிமே போக வேணாம். நான் பேசிட்டேன்."

அனுப்ப வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் அனுப்புகிறேன். படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

ஹேமா

*

வண்டன்மேட்டுக்கு மேலே
13.10.2024

அன்புள்ள ஹேமாவுக்கு,

காய்ச்சல் போய்விட்டது. கிருபாவதி என்று இங்கே தரம் பிரிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள், சின்னமனூர்க்காரி, அவள்தான் கஞ்சி வைத்தாள். உப்பே போடமாட்டாள், ஆனாலும் குடித்தேன். உங்கள் வீட்டில் எல்லோரும் நலம்தானே? அத்தை எழுந்துவிட்டார்களா, இன்னும் அதிரச வைத்தியம்தானா?

நான்காம் அத்தியாயத்தைப் பத்து நாளுக்கு மேல் பெட்டியிலேயே வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை படித்தேன்.

செருப்பைத் தேடுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். செருப்பு வாசலில்தான் இருந்திருக்கும். அவள் தேடியது குடையாக இருக்கும். ஒன்றை விட்டுவிட்டாய். அன்று காலை டிபன் பாக்ஸில் சாதம் கட்டி வைத்திருப்பாள். தக்காளி சாதம் என்று வைத்துக்கொள். அதை என்ன செய்வாள்? கொட்டவும் முடியாது, தட்டில் போட்டுச் சாப்பிடவும் மனம் வராது. பன்னிரண்டரைக்குப் பள்ளியில் மணி அடிக்கும் நேரத்தில், வீட்டில் தனியாக உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்து அதிலிருந்தே சாப்பிட்டிருப்பாள். இதையும் சேர்த்துக்கொள்.

பவுனு இதை யாரிடமும் சொல்லியிருக்கமாட்டாள்.

இங்கே ஸ்டோர் மேற்பார்வையாளர் முத்துராஜா ஓய்வு பெறுகிறார். சாவியை நான் வாங்கிக்கொள்கிறேனா என்று முதலாளி கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு பெண் ஸ்டோரை நடத்தியது இந்தப் பக்கம் இல்லை. அடுப்புக்கு விறகு போடும் மொக்கைச்சாமி, "டீச்சருகிட்ட சாவி போனா நாம லேட்டா வந்தா பெஞ்சு மேல ஏத்திருவாக" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அடுத்த அத்தியாயங்களை அனுப்பு.

அன்புடன்,
மதினி

*

அனுமந்தன்பட்டி
24.11.2024

அன்புள்ள மதினிக்கு,

முடித்துவிட்டேன்.

நலம் விசாரிக்காமல் தொடங்கியதற்கு மன்னியுங்கள், இந்த ஒரு சொல்லை முதலில் எழுத வேண்டும் போலிருந்தது. இரண்டு நாவல்களைப் பாதியில் விட்டவள், ஒன்றைக் கடைசிப் புள்ளி வரை எழுதிவிட்டேன். பத்து நாளைக்கு முன் ஒரு மத்தியானம் முடித்தேன். எழுந்து போய் மோட்டார் கடையில் இவரிடம் சொன்னேன். கையிலிருந்த காப்பர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப இன்னைக்குப் புரோட்டா வாங்கிருவோம்" என்றார். வாங்கினோம்.

நான்காவது சரியானதும் பதினேழு தானாக நகர்ந்தது. மாமியார் படுக்கிறார். பவுனு வரவில்லை. யாரும் வராததால் மூன்றாம் நாள் மாமியாரே எழுந்துவிடுகிறார். அம்மா படித்துவிட்டு என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு வந்து, "எந்திரிச்சவ என்ன வச்சுத் தின்னா? அதப் போடலையே" என்றார். புளிக்குழம்பு என்று சேர்த்தேன். திருப்தியாகப் போனார்.

இருபதில் விளக்கு இல்லை. பவுனு மலையிலேயே இருக்கிறாள்.

ஸ்டான்லிக்குக் கோபம். "அவுட்லைன்ல ஒண்ணு சொல்லிட்டு வேற ஒண்ணு எழுதிருக்கீங்க மேடம். அந்த முடிவுக்காகத்தான் ஒத்துக்கிட்டோம்" என்றார். எழுதி முடித்ததை வைத்து ஒரு புதிய திட்டம் தயாரித்து அனுப்பினேன். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் எதிரில் "எதனால்" என்று ஒரு கட்டம். பழைய திட்டத்துக்கும் அதே மாதிரி கட்டம் போட்டு அனுப்பினேன். பழையதில் பதினேழுக்கு எதிரே காலியாக இருக்கிறது, நீங்களே நிரப்பித் தாருங்கள், அப்படியே மாற்றி எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பதில் இல்லை. வேண்டாம் என்றாலும் மாற்றப் போவதில்லை.

அண்ணன் நான்காம் அத்தியாயத்தைப் படித்தார். நான் கொடுக்கவில்லை, மேசையிலிருந்து எடுத்துப் படித்திருக்கிறார். டிபன் பாக்ஸ் இருக்கும் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார், "நெசமா?" எனக்குத் தெரியாது, கதை என்றேன். தாளைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? சாவி என்ன ஆயிற்று?

உங்கள்
ஹேமா

*

வண்டன்மேட்டுக்கு மேலே
19.12.2024

அன்புள்ள ஹேமாவுக்கு,

குளிர் கடுமை, ஆனால் நான் நலம். சாவி என் இடுப்பில் இருக்கிறது. முதல் வாரத்திலேயே ஓர் ஈடு காய் சூட்டில் அதிக நேரம் கிடப்பதைக் கண்டு நிறுத்தினேன். பச்சை நிறம் போகாமல் தப்பியது. மொக்கைச்சாமி இப்போது சீக்கிரமே வருகிறார்.

உன் நாவலைத் தரம் பிரிக்கும் நேரத்தில் தினம் ஒரு அத்தியாயமாக வாசித்தேன். பவுனு திரும்பிப் போவாளா மாட்டாளா என்று இங்கே இரண்டு கட்சி. பதினேழு வாசித்த அன்று சண்டையில் பெரிய காயும் சின்னக் காயும் ஒரே சாக்கில் விழுந்து, மறுபடி பிரித்தோம். இருபதையும் வாசித்து முடித்தேன். பிறகு கிருபாவதி, "அடுத்து என்ன செய்வா?" என்றாள். வேலைக்குப் போவாள் என்றேன். "அது சரி, நம்மள மாதிரி" என்றாள். உன் ஸ்டான்லியிடம் இதைச் சொல்.

உன் அண்ணன் திரும்ப வந்தார். இந்த முறை திராட்சை இல்லை. வெறுங்கையோடு பெஞ்சில் உட்கார்ந்தார். சாயாவைக் குடித்து முடித்து டம்ளரைத் தானே கழுவி வைத்தார். வரச் சொல்லிக் கேட்பார் என்று காத்திருந்தேன், பதில் தயாராக இருந்தது. அவர் கேட்கவில்லை. "அன்னைக்கி ஒங்கிட்டக் கேட்டுட்டுல்ல போயிருக்கணும்" என்றார்.

ஆமாம் என்றேன்.

பிறகு ஸ்டோரைச் சுற்றிக் காட்டச் சொன்னார். காட்டினேன். பச்சைக்காய் காயும் தட்டுகள், தரம் பிரிக்கும் சல்லடை, சாக்குகள், எல்லாம். அவர் கேட்ட கேள்விகளுக்கு முழுப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. நான்கு மணி ஜீப்பில் இறங்கிவிட்டார்.

உன் பதிப்பகத்தார் என்ன சொன்னார்கள்?

அன்புடன்,
மதினி

*

அனுமந்தன்பட்டி
26.1.2025

அன்புள்ள மதினிக்கு,

எல்லோரும் சுகம். அம்மா வீரபாண்டிக்குப் போய் கௌமாரியம்மனுக்கு மாவிளக்கு வைத்துவிட்டு வந்தார். எதற்கு என்று கேட்டால் சொல்லவில்லை. அங்கே காய்ப்பறிப்பு முடிகிறதா? கை கால் குளிரில் வெடிக்காமல் எண்ணெய் தடவுகிறீர்களா?

ஸ்டான்லி இரண்டு மாதம் பேசவில்லை. பொங்கல் கழித்துப் போன் செய்தார். பதினேழாம் கட்டத்தை நிரப்ப ஆறு பேர் கூடி உட்கார்ந்தார்களாம். முடியவில்லையாம். "நீங்க எழுதுனதையே போடுறோம் மேடம். ஒரு வரிகூடத் தொடல" என்றார். நான் போனை வைத்துவிட்டு, அரை மணி நேரம் வீட்டுக்குள் சும்மா நடந்துகொண்டிருந்தேன். உட்காரப் பிடிக்கவில்லை.

புத்தகம் அச்சாகிக்கொண்டிருக்கிறது. பிப்ரவரி பதினாறு, ஞாயிறு, தேனியில் வெளியீடு. முதல் பிரதியை யார் பெற்றுக்கொள்வது என்று அழைப்பிதழுக்குப் பெயர் கேட்டார்கள். உங்கள் பெயரைச் சொன்னேன். என்ன பட்டம் போட வேண்டும் என்றார்கள். ஸ்டோர் மேற்பார்வையாளர் என்று போடச் சொன்னேன். ஆனால் உங்களைக் கேட்காமல் அச்சுக்குப் போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் போகும்.

அம்மா வருவார். அண்ணனும் வருவார், நாற்காலி போடுகிற வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். இதையும் தெரிந்துகொண்டு முடிவு சொல்லுங்கள்.

இத்தனை மாதக் கடிதங்களில் நான் ஒரு தடவைகூட நேராகக் கேட்கவில்லை, திட்டமாகத்தான் எழுதி அனுப்பினேன். இப்போது கேட்கிறேன். வருவீர்களா?

உங்கள்
ஹேமா

*

வண்டன்மேட்டுக்கு மேலே
29.1.2025

அன்புள்ள ஹேமாவுக்கு,

எண்ணெய் தடவுகிறேன். சுகமாக இருக்கிறேன்.

வருகிறேன். பெயரை அச்சுக்குக் கொடு. க. பாண்டீஸ்வரி, பி.எஸ்ஸி., பி.எட்., அதற்குக் கீழே ஸ்டோர் மேற்பார்வையாளர். படிப்பை விட்டுவிடாதே, நான் படித்து வாங்கியது. கிருபாவதியும் இன்னும் நான்கு பேரும் கூட வருகிறார்கள். மேடைக்கு முன்னால் ஐந்து நாற்காலி அவர்களுக்கு வேண்டும் என்று உன் அண்ணனிடம் சொல். அத்தைக்குப் பக்கத்தில் ஒரு இடம் எனக்கு. பேசச் சொன்னால் ஐந்து நிமிஷம் பேசுவேன், உன் நாவலில் இருக்கும் தவறுகளைப் பற்றி. இன்னும் இரண்டு இருக்கின்றன.

மாரிசெல்வத்திடம் பேசிவிட்டேன். காலையில் எங்களை இறக்கிவிட்டு, விழா முடிகிற வரை மண்டபத்து வாசலிலேயே நிற்பார். ஆறு மணிக்கு மலைக்குத் திரும்பக் கிளம்பிவிடுவோம். திங்கட்கிழமை காலையில் ஸ்டோரை நான்தான் திறக்க வேண்டும்.

பாராட்டுகளுடன்,
மதினி